நகர்த்தக்கூடிய தொட்டிக்கு அனுமதி வேண்டாம், சரி, வேலி?

ஆறு பேர் உட்காரும் ஹாட் டப் (சூடான தண்ணீரில் உட்காரும் தொட்டி) ஒன்றை வீட்டின் பின்புறம் வைக்கப் போகிறீர்கள். பின்னால் வசதிப்பட்டால் சின்னதாக ஒரு நீச்சல் குளமும் கட்டும் எண்ணம் இருக்கிறது. விற்பவர் “இது நகர்த்தக்கூடியது, எந்த அனுமதியும் வேண்டாம்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ “வேலி போடாமல் வைத்தால் அபராதம் கட்டுவீர்கள்” என்கிறார். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். விற்பவர் பேசுவது கட்டட அனுமதியைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது தண்ணீரைச் சுற்றி இருக்க வேண்டிய தடுப்பைப் பற்றி. பல இடங்களில் இவை தனித்தனி விதிகள். சில இடங்களில் தனித்தனிச் சட்டங்களிலேயே இருக்கின்றன. ஒன்றில் விலக்கு கிடைத்ததும் மற்றதிலும் கிடைத்துவிட்டதாக நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக, உங்கள் கேள்வியை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: வீட்டில் தண்ணீர்த் தொட்டி வைப்பவர் மீது சட்டம் எந்தெந்தப் பொறுப்புகளைச் சுமத்துகிறது, அவற்றில் ஹாட் டப்புக்கு எது பொருந்தும், குளத்துக்கு எது பொருந்தும்?

வீட்டுக் குளங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பதும், கட்டி முடிந்த பிறகு நேரில் போய் வேலியையும் கேட்டையும் சோதிப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எங்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். இடத்துக்கு இடம் மாறுவதை எந்த இடத்து விதி என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். மின் இணைப்பு பற்றி எழுதுவதை மட்டும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். அது என் துறை இல்லை.

முதலில் அந்த “நகர்த்தக்கூடியது” என்ற சொல். தடுப்பு விதிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர்கள் பார்ப்பது ஆழத்தை. ஆஸ்திரேலிய மாநிலங்களில் 300 மி.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும் பொதுவாகக் குளம்தான். நியூசிலாந்தில் அந்த எல்லை 400 மி.மீ. அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் மாதிரி விதித்தொகுப்பில் 24 அங்குலம், அதாவது ஏறக்குறைய 61 செ.மீ.; கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அதை 18 அங்குலமாக இறுக்கியிருக்கிறது. பல விதிகளில் “நிற்கக்கூடிய” என்றுதான் இருக்கும், “நிரப்பியிருக்கிற” என்று இருக்காது. “நான் ஒரு அடிக்கு மேல் நிரப்புவதே இல்லை” என்ற பதில் அங்கே செல்லாது. தொட்டியின் விளிம்பு வரை அளப்பார்கள். கடையில் பெட்டியில் அடைத்து விற்கும் காற்றடைத்த குளம்கூட இந்த வலையில் விழும். உங்கள் ஆறு பேர் தொட்டியில் வழக்கமாக 80, 90 செ.மீ. ஆழம் இருக்கும். நான் மேலே சொன்ன எந்த எல்லையை எடுத்தாலும் அது உள்ளேதான் வருகிறது. விதிவிலக்காக ஒன்று சொல்ல வேண்டும்: பிரான்சின் 2003 ஜனவரி 3-ஆம் தேதிச் சட்டம் தரையில் முழுதாகவோ பாதியாகவோ பதித்த, திறந்தவெளிக் குளங்களுக்குத்தான் பாதுகாப்புச் சாதனத்தைக் கட்டாயமாக்குகிறது, தரைமேல் வைக்கும் தொட்டியை அது பிடிப்பதில்லை. இங்கிலாந்தில் தனி வீட்டுக் குளத்துக்கு வேலி போடு என்று சொல்லும் தேசியச் சட்டமே கிடையாது. ஒரு நாட்டில் கேட்டதை இன்னொரு நாட்டில் சொல்லிவிடாதீர்கள் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

கட்டட அனுமதிப் பக்கம் கொஞ்சம் எளிது. அங்கே பார்ப்பது மூன்று: எவ்வளவு பெரிது, எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, நிலத்தில் ஏற்கெனவே எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள். பிரான்சில் திறந்த குளம் 10 சதுர மீட்டருக்குள் என்றால் பொதுவாக எந்த விண்ணப்பமும் வேண்டாம். 100 சதுர மீட்டர் வரை முன்னறிவிப்பு போதும். அதற்கு மேல் முழு அனுமதி. இங்கிலாந்தில் தோட்டத்தில் கட்டும் குளம் பொதுவாகத் தனி விண்ணப்பம் இல்லாமலே அனுமதிக்கப்பட்ட வகையில் வரும். ஆனால் குளமும் மற்றக் கட்டுமானங்களும் சேர்ந்து, முதலில் கட்டப்பட்ட வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் கணக்கு மாறும். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ குடியிருப்போர் சங்கம் உள்ள மனைப்பிரிவிலோ இருக்கிறீர்கள் என்றால், அரசு அனுமதி தேவையில்லை என்றாலும், சங்கத்தின் ஒப்பந்தம் அதன் அனுமதி வேண்டும் என்று சொல்லலாம். பத்திரத்தையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். நிலத்தின் ஓரமாக மின்வாரியத்துக்கோ வடிகாலுக்கோ விட்டுக்கொடுத்த பட்டை ஒன்று இருந்தால், அதன்மேல் குளம் வராது. ஹாட் டப் வைக்கலாமா என்றால், “எடு என்று சொல்லும் நாளில் உங்கள் செலவில் எடுக்க வேண்டும்” என்ற நிபந்தனையோடு விடுவார்கள், அல்லது விடமாட்டார்கள். விற்பவர் சொன்ன “நகர்த்தக்கூடியது” அங்கே உதவினால் உதவும்.

இனித் தடுப்பு. எண்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் எல்லா விதிகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே குழந்தைதான். ஐந்து வயதுக்கு உட்பட்டது, நடக்கத் தெரியும், ஏறத் தெரியும், பெரியவர் கண்ணிலிருந்து ஓரிரு நிமிடம் நழுவியது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது என்று அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இந்த வயதுக் குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது. கூப்பிடவோ தண்ணீரை அடிக்கவோ அதற்கு நேரம் இருப்பதில்லை. ஆகவே விதி உங்கள் கவனத்தை நம்பி எழுதப்படவில்லை. கவனம் தப்பும் அந்த ஓரிரு நிமிடத்துக்காக எழுதப்பட்டது. இதை மனதில் வைத்துப் படித்தால், அர்த்தமில்லாதது போலத் தெரியும் அளவுகள்கூடப் புரியும்.

உயரம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1200 மி.மீ., அமெரிக்க மாதிரி விதியில் 48 அங்குலம், கிட்டத்தட்ட அதே. பிரான்சில் 1.10 மீட்டர். கலிஃபோர்னியாவில் 60 அங்குலம். கம்பிகளுக்கு இடையிலும் வேலிக்கு அடியிலும் 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது பரவலான அளவு. குழந்தையின் தலை நுழையக் கூடாது என்பதே காரணம். (அமெரிக்காவில் அடி இடைவெளிக்கு, தரை மண்ணா கான்கிரீட்டா என்பதைப் பொறுத்து வேறு அளவு வரும்.) குறுக்குச் சட்டங்கள் ஏணியாகிவிடக் கூடாது. ஆஸ்திரேலியத் தரநிலை இதை மிகக் கறாராக எழுதியிருக்கிறது: வேலியை ஒட்டி 900 மி.மீ. தூரத்துக்குக் கால் வைத்து ஏற உதவும் எதுவும் இருக்கக் கூடாது. பூந்தொட்டி, பம்ப் பெட்டி, ஏ.சி.யின் வெளிப்பகுதி, சாய்ந்த மரக்கிளை, மடக்கு நாற்காலி எல்லாம் இதில் அடங்கும். நான் சோதனைக்குப் போகும் வீடுகளில் வேலி சரியாகவே இருக்கும். வேலியோடு ஒட்டி ஒரு பெஞ்ச் கிடக்கும். வேலி போட்டவர் எழுதிக்கொடுத்த சான்று அந்த பெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தரையும் உயரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தோட்டத்துக்கு மண் அடித்து, அதன்மேல் கல் பாவினால் 1200 மி.மீ. வேலி 1050 ஆகிவிடும். அளவு எடுப்பது வேலி போட்ட அன்றைய தரையிலிருந்து இல்லை, இன்றைய தரையிலிருந்து.

வேலியைவிட அதிகம் தோற்பது கேட். அதற்கு மூன்று நிபந்தனைகள். குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். சாய்ந்து தள்ளும் குழந்தை அதைத் தாழ்ப்பாளை நோக்கியே தள்ளும். கையை விட்டதும் எந்த நிலையிலிருந்தும் தானாகவே மூட வேண்டும். மூடியதும் தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கும் குமிழ் ஆஸ்திரேலியாவில் தரையிலிருந்து 1500 மி.மீ. உயரத்திலும், அமெரிக்க மாதிரி விதியில் 54 அங்குலத்திலும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், குழந்தையின் கை எட்டாதபடி மறைப்பு வேண்டும். இதைச் சோதிக்க நான் செய்வது எளிது, நீங்களும் செய்யலாம். கேட்டை முழுதாகத் திறந்து விடுங்கள். பிறகு பாதி திறந்து விடுங்கள். பிறகு தாழ்ப்பாளின் நாக்கு அதன் வாயை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நிறுத்தி விடுங்கள். இந்தக் கடைசிச் சோதனையில்தான் பாதிக் கேட்டுகள் நின்றுவிடும், ஏனென்றால் ஸ்பிரிங்குக்கு அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில் வேகம் சேர இடமில்லை. கீலின் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். மழையில் மண் இளகிக் கம்பம் சாய்ந்திருந்தால் ஆகாது. விருந்து நாளில் கேட்டைச் செங்கல் வைத்துத் திறந்து நிறுத்துவது பல இடங்களில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. விருந்து நாளில் தண்ணீர்ப் பக்கம் யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எல்லோரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள் என்பது எல்லா ஆய்வாளருக்கும் தெரியும்.

வீட்டுச் சுவரே ஒரு பக்கத் தடுப்பாக இருக்கலாமா என்ற இடத்தில் நாடுகள் பிரிகின்றன. இது சாதாரண விவரம் போலத் தோன்றும், ஆனால் உங்கள் பின்புறக் கதவு நேராகத் தொட்டியிடம் திறக்கிறதா என்பதைப் பொறுத்து முழுத் திட்டமும் மாறும். ஆஸ்திரேலியாவில் புதுக் குளமென்றால் பொதுவாக, வீட்டுக் கதவிலிருந்து நேராகக் குளத்துக்குப் போக முடியக் கூடாது. வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி வேண்டும். அமெரிக்காவில் பல இடங்களில் கதவுக்கு அலாரமோ தானாக மூடும் ஏற்பாடோ வைத்தால் போதும். கலிஃபோர்னியா 2018 முதல், புதிய அல்லது மாற்றிக் கட்டும் வீட்டுக் குளங்களுக்குச் சட்டம் பட்டியலிடும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு வேண்டும் என்கிறது. பிரான்ஸ் நான்கு தருகிறது: தடுப்பு, அலாரம், பாதுகாப்பு மூடி, மேலே கூடாரம், எதையாவது ஒன்று தேர்ந்தெடுக்கலாம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அலாரத்தை மட்டும் நம்பும் ஏற்பாட்டை நான் விரும்புவதில்லை. அலாரம் அடிக்கும்போது குழந்தை ஏற்கெனவே தண்ணீரில் இருக்கலாம். காற்றுக்கும் பூனைக்கும் அடித்து அடித்துச் சலித்துப்போய் யாராவது அதை அணைத்தும் வைத்திருப்பார்கள். நான்கு பக்கமும் தனி வேலி அழகாக இருக்காது, ஆனால் அதற்கு பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. சட்டம் அலாரத்தை ஏற்கும் ஊரில் நீங்கள் அலாரமே வைத்தாலும் தவறில்லை. இது என் மதிப்பீடு, விதி அல்ல.

இப்போது உங்கள் உண்மையான பொருளுக்கு வருவோம். ஹாட் டப்புக்குப் பூட்டக்கூடிய மூடி இருக்கிறதே, அது வேலிக்கு ஈடாகாதா? இதற்குத்தான் ஒரே பதில் கிடையாது. அமெரிக்க மாதிரி விதித்தொகுப்பில் ஈடாகும். ஆனால் மூடி ஏ.எஸ்.டி.எம். எஃப் 1346 என்ற தரநிலையை நிறைவேற்ற வேண்டும். நியூசிலாந்திலும் ஈடாகும், தொட்டியின் நீர்ப்பரப்பு 5 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், விளிம்பு சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 760 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், மூடியும் அதற்கான நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். அந்த உயரம், குழந்தை தானாக ஏறக் கூடாது என்பதற்காக. தொட்டிக்குப் பக்கத்தில் அழகான மரப்படி வைத்தால் அந்த உயரத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே பிளவு: நியூ சவுத் வேல்ஸில், பயன்படுத்தாத நேரத்தில் குழந்தையால் திறக்க முடியாத மூடி போட்டுப் பூட்டியிருந்தால் ஸ்பாவுக்கு (ஹாட் டப்புக்கு அங்கே அந்தப் பெயர்) வேலி வேண்டாம், விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் பூட்டும் மூடி வேலிக்கு மாற்றாகாது. ஒரே தொட்டி, ஒரே மூடி. மாநில எல்லையைத் தாண்டினால் சட்ட நிலை வேறு. ஆகவே விற்பவரிடம் “இந்த மூடி எந்தத் தரநிலைக்கு உட்பட்டது, எழுத்தில் தாருங்கள்” என்று கேளுங்கள். தரநிலையின் எண் மூடியின் உட்புறத்திலோ பட்டையிலோ அச்சிட்டிருக்க வேண்டும். வெப்பம் வெளியேறாமல் காக்கும் நுரை மூடி எல்லாமே பாதுகாப்பு மூடி அல்ல. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் பூட்டிலும், மேலே குழந்தை ஏறினால் தாங்கும் வலுவிலும் இருக்கிறது. வெயிலில் சில வருடம் கிடந்தால் நுரை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், பட்டையின் தையல் பிரியும், பூட்டின் பிளாஸ்டிக் உடையும். மூடியை நம்பி வேலி விலக்கு வாங்கியவருக்கு, மூடி கெட்ட அன்றே விலக்கும் போய்விட்டது.

வெப்பநிலை பற்றி ஒரு வரி. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வரும் உச்ச வரம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியஸ். முறையான தொட்டிகளின் கட்டுப்பாட்டுக் கருவி அதற்கு மேல் விடாது. கருவுற்றவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது, மது குடித்துவிட்டு யாருமே இறங்கக் கூடாது.

ஆனால் எடை பற்றி ஒரு வரி போதாது. நீங்கள் “பின்புறம்” என்று எழுதியிருப்பது தரையா, மரத்தளமா, மொட்டை மாடியா என்பது தெரிய வேண்டும். 90 செ.மீ. தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிலோ அழுத்தம் தரும். இதில் தொட்டியின் எடையும் ஆட்களின் எடையும் சேரவில்லை. வீட்டுத் தளங்களைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான பாரத்துக்குத்தான் வடிவமைக்கிறார்கள். நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். இத்தனை நாள் இருபது பேர் நின்று விருந்து கொண்டாடிய தளம் என்பது இங்கே சான்றாகாது. இருபது பேர் பரவி நிற்பார்கள், சில மணி நேரத்தில் இறங்கிப் போவார்கள். தண்ணீர் இரண்டு மீட்டர் சதுரத்தில் இரவும் பகலும் நிற்கும். தரையல்லாத எந்த இடத்தில் வைத்தாலும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். பல ஊர்களில் தொட்டிக்கு அனுமதி வேண்டாம், ஆனால் தளத்தை வலுப்படுத்தும் வேலைக்கு அனுமதி வேண்டும். விற்பவரின் பேச்சில் இது வந்திருக்காது. தரையிலேயே வைத்தாலும் இறுக்கிய அடித்தளத்தின்மேல் சமமான கான்கிரீட் பலகை வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தால் தொட்டியின் ஓடு விரிசல் விடும், உத்தரவாதமும் செல்லாது.

பம்ப் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு துளைகள் பற்றிய விதிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஹாட் டப்பின் அடித்துளையின் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். பெரியவர்கள் இழுத்தும் உடனே விடுவிக்க முடியவில்லை. அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. குடும்பம் விடாமல் போராடியதால் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது. பொதுக் குளங்களுக்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்ததோடு, அமெரிக்காவில் விற்கும் உறிஞ்சு துளை மூடிகள் எல்லாமே தரநிலைக்கு உட்பட வேண்டும் என்றும் அது ஆக்கியது. வீட்டுக்குளம் கட்டும்போது இரண்டு துளைகள், குறைந்தது 3 அடி இடைவெளியில், ஒரே பம்போடு இணைத்து வைப்பது இப்போது பரவலான நடைமுறை. ஒன்றை உடல் அடைத்தாலும் மற்றதன் வழியாகத் தண்ணீர் வருவதால் உறிஞ்சல் பலம் குறையும். பழைய தொட்டியைக் குறைந்த விலையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துளை மூடியைத்தான். உடைந்தோ திருகு தளர்ந்தோ இருந்தால், மாற்றும் வரை யாரும் இறங்கக் கூடாது. எத்தனை ஆண்டு தாங்கும் என்று மூடியில் அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் வெயிலிலும் குளோரினிலும் நொறுங்கிப்போகும்.

மின்சாரத்தில் எனக்குத் தெரிந்த எல்லை வரை சொல்கிறேன். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதி குளத்தைச் சுற்றி மண்டலங்கள் வரைகிறது: தண்ணீருக்குள் இருப்பது பூஜ்ய மண்டலம்; விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை முதல் மண்டலம்; அதற்கு அப்பால் இன்னும் 1.5 மீட்டர் இரண்டாவது. தண்ணீருக்குள் விளக்கு வைத்தால் அது 12 வோல்ட் போன்ற மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் மண்டலங்களுக்கு வெளியே இருக்க வேண்டும். இணைப்புக்குக் கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் சாதனம் வேண்டும். சுற்றியுள்ள கைப்பிடி, ஏணி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகிய உலோகங்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். எர்த்திங் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள், இரண்டும் வேறு வேலைகள். கான்கிரீட் ஊற்றிய பிறகு இதைச் சேர்ப்பது பெரும்பாடு, ஆகவே ஊற்றும் முன் ஒரு ஆய்வு நடக்கும். தலைக்கு மேல் போகும் மின்கம்பிக்கும் அமெரிக்க விதி தூரம் வகுத்திருக்கிறது. குளத்தைச் சுத்தம் செய்யும் நீளமான அலுமினியக் கோலைத் தூக்கிப் பிடித்தால் அது எவ்வளவு உயரம் போகும் என்று ஒரு முறை நினைத்துப்பாருங்கள், ஏன் என்று தெரியும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஹாட் டப்பை ஓட்டுவது எங்கே இருந்தாலும் வேண்டாம்.

தண்ணீரைக் கொட்டுவதும் விதிக்கு உட்பட்டதுதான். குளோரின் உள்ள தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டால் அது சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகும். மிகக் குறைந்த குளோரினே மீனைக் கொல்லும். சில ஊர்கள் கழிவுநீர்க் குழாயில் மட்டும் விடச் சொல்லும், சில ஊர்கள் குளோரின் நீங்கிய பிறகு புல்தரையில் விட அனுமதிக்கும். ஃபில்டரைக் கழுவும் தண்ணீருக்கும் இதே கேள்வி உண்டு. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் தொட்டி முழுவதையும் ஒரேயடியாக அதற்குள் விட்டால் டேங்க் வேலை செய்வதை நிறுத்திவிடும். ஹோஸ் குழாயால் நிரப்பும்போது அதன் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது; குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் குளத்து நீர் உள்ளே இழுக்கப்படும்.

குளம் கட்டும் கட்டம் வந்தால் இன்னும் இரண்டு. தோண்டுவதற்கு முன் நிலத்தடி மின், எரிவாயு, தொலைபேசிக் கம்பிகள் எங்கே என்று உரிய அமைப்பிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது பல நாடுகளில் கட்டாயம். பக்கத்து வீட்டின் அஸ்திவாரத்துக்கு அருகே அதைவிட ஆழமாகத் தோண்டினால் அவருக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டியிருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் 3 மீட்டர் தூரத்துக்குள் அப்படித் தோண்டினால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் மண்ணில், காலி செய்த குளம் படகு போல மிதந்து எழும்பி உடைவது உண்மையில் நடக்கும் சங்கதி. பொறியாளர் ஏன் அடியில் அழுத்த வால்வு கேட்கிறார் என்று ஒப்பந்தக்காரர் சலித்துக்கொண்டால், இதுதான் காரணம் என்று சொல்லுங்கள். பம்பின் சத்தத்துக்கு இரவு நேரத் தடை உள்ள ஊர்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கட்டி முடித்ததோடு பொறுப்பு முடிவதில்லை என்பதைப் பல இடங்கள் சட்டமாகவே எழுதியிருக்கின்றன. நியூசிலாந்தில் உள்ளாட்சி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை குளத் தடுப்பைச் சோதிக்க வேண்டும். முறையான மூடி போட்ட சிறிய ஹாட் டப்புக்கு அந்தக் கட்டாயச் சோதனை இல்லை. நியூ சவுத் வேல்ஸில் குளத்தையும் ஸ்பாவையும் இணையப் பதிவேட்டில் பதிய வேண்டும். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போனால் இணக்கச் சான்று கேட்பார்கள், அது மூன்று ஆண்டு செல்லும். விக்டோரியாவில் 2019 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சான்று. குவீன்ஸ்லாந்தில் தனி வீட்டுக் குளத்துக்கான சான்று இரண்டு ஆண்டு. இப்படிப் பதிவேடு உள்ள ஊரில், வீடு விற்கும் நேரத்தில் பத்து வருடக் குறையையெல்லாம் ஒரே வாரத்தில் சரிசெய்ய ஓடுபவர்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

ஆகவே தொட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் நகராட்சியின் கட்டடப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டால் கேட்டவரும் சொன்னவரும் நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். தொட்டியின் நீளம், அகலம், ஆழம், தரையிலிருந்து விளிம்பின் உயரம், மூடியின் தரநிலை எண், எல்லைக்கோட்டிலிருந்து தூரம், வீட்டுக் கதவிலிருந்து தூரம் எல்லாவற்றையும் ஒரு கைவரைபடத்தில் குறித்து இணையுங்கள். பிறகு தனித்தனியாகக் கேளுங்கள்: இதை வைக்கக் கட்டட அனுமதி வேண்டுமா, இதற்குத் தடுப்பு வேண்டுமா, மூடி போதுமா, மின் இணைப்புக்குத் தனி அனுமதி உண்டா, தண்ணீரை எங்கே விட வேண்டும், பதிவேட்டில் பதிய வேண்டுமா. “ஹாட் டப் வைக்கலாமா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே சொல்லில் “வைக்கலாம்” என்று பதில் வரும், பிறகு வேலி இல்லை என்று நோட்டீஸும் வரும். குளமும் கட்டும் எண்ணம் இருப்பதை அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். இப்போது தொட்டி வைக்கும் இடமும் நாளைய குளமும் ஒரே வேலிக்குள் வருமாறு திட்டமிட்டால் கேட்டும் வேலியும் ஒரே செலவில் முடியும், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு தடுப்பு வேண்டுமா என்பதையும் அவர்களே அப்போது சொல்லிவிடுவார்கள்.